பெர்லினில் கோஷம் போட்டால் மாஸ்கோவில் கேட்குமா?

நெய்தல் (இழையைத் தொடங்கியவர்):

2024 நவம்பர் 17 அன்று பெர்லினில் ரஷ்யர்கள் நடத்திய போர் எதிர்ப்பு ஊர்வலத்தை நேற்றுதான் யூடியூபில் முழுதாகப் பார்த்தேன். சிறையில் இறந்த எதிர்க்கட்சித் தலைவர் நவால்னியின் மனைவி யூலியா நவால்னயா, கைதிப் பரிமாற்றத்தில் ரஷ்யச் சிறையிலிருந்து வெளியே வந்த அரசியல்வாதிகள் இலியா யாஷின், விளாதிமிர் காரா-முர்சா மூவரும் முன்வரிசை. போட்ஸ்டாமர் பிளாட்ஸில் கிளம்பி ரஷ்யத் தூதரகம் வரை நடந்தார்கள். கோரிக்கைகள் மூன்று: உக்ரைனிலிருந்து படை திரும்ப வேண்டும், புதினைப் போர்க் குற்றத்துக்காக விசாரிக்க வேண்டும், அரசியல் கைதிகளை விடுவிக்க வேண்டும். கூட்டம் இரண்டாயிரம் பேர் அளவுக்கு இருந்திருக்கும்.

பின்னூட்டங்களைப் படித்தால் தலை சுற்றுகிறது. பாதிப் பேர் கொடியைப் பற்றியே சண்டை போடுகிறார்கள். ரஷ்யாவின் மூவர்ணக் கொடியைத் தூக்கலாமா, இல்லை சிவப்பை எடுத்துவிட்டு 2022-ல் புழக்கத்துக்கு வந்த வெள்ளை-நீலம்-வெள்ளைக் கொடிதான் சரியா என்று. மூவர்ணத்தைப் பார்த்தாலே உக்ரைன்காரர்களுக்குக் குண்டு விழுந்த வீடு நினைவுக்கு வருகிறது. கொடியைப் புதினுக்கு ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது மற்றவர் வாதம். இந்தச் சண்டை ஊர்வலத்துக்கு முன்பே தொடங்கிவிட்டதாம்.

என் கேள்வி இதுதான். நாட்டைவிட்டு வந்த பிறகு வெளியே இருந்து கத்துவதால் ஏதாவது நடக்குமா? ரஷ்ய வரலாற்றில் எப்போதாவது நடந்திருக்கிறதா?

கட்டுத்தறி:

நடக்காது. ஊர்வலம் முடிந்ததும் எல்லோரும் காபி குடிக்கப் போயிருப்பார்கள். அடுத்த இழைக்குப் போகலாம்.

பழைய புத்தகக்காரன்:

தம்பி கட்டுத்தறி, கொஞ்சம் பொறுங்கள். ரஷ்யாவில் இது நூற்றெழுபது வருட வழக்கம், ஒரு வரியில் மூடிவிட முடியாது.

எழுத்தாளர் அலெக்ஸாந்தர் ஹெர்ஸன் 1847-ல் ரஷ்யாவைவிட்டுக் கிளம்பியவர். அப்புறம் திரும்பவே இல்லை. 1853-ல் லண்டனில் ரஷ்ய மொழி அச்சகம் ஒன்றைத் தொடங்கினார். 1857 ஜூலையில் நண்பர் ஒகரியோவுடன் சேர்ந்து 'கோலகல்' பத்திரிகை. கோலகல் என்றால் மணி. செழித்த காலத்தில் 2,500 பிரதிதான், இன்று ஒரு யூடியூப் காணொளிக்கு அரை மணியில் வரும் எண்ணிக்கை. ஆனால் அந்த மெல்லிய தாள் கடத்தல்காரர் வழியாக எல்லை தாண்டி மந்திரிகள் மேசை வரை போயிற்று. ஜார் மன்னரே படித்தார் என்பார்கள். ஊழல் செய்த ஆளுநரை மிரட்ட, "ஹெர்ஸனுக்கு எழுதிவிடுவேன்" என்று சொன்னாலே போதும் என்ற நிலை.

அவர் எப்படிச் செய்தார் என்பதைப் பார்க்க வேண்டும். லண்டனில் உட்கார்ந்து கற்பனையில் எழுதவில்லை. ரஷ்யாவுக்குள் இருந்தவர்கள், அதிலும் அரசாங்க அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களே, ரகசியமாகச் சேதி அனுப்பினார்கள். எந்தப் பண்ணையார் எந்தக் குடியானவனை அடித்துக் கொன்றான், எந்த வழக்கு எப்படி மூடப்பட்டது என்று உள்ளே இருந்து சேதி வெளியே போகும், அச்சேறும், மறுபடி உள்ளே வரும். அந்த வட்டம் சுற்றிய வரை அவருக்கு மதிப்பு.

1863-ல் ரஷ்ய ஆட்சிக்கு எதிராகப் போலந்து கிளர்ந்தெழுந்தது. ஹெர்ஸன் போலந்துக்காரர் பக்கம் நின்றார். நேற்றுவரை அவரை ஒளித்து வைத்துப் படித்த தாராளவாத ரஷ்யர்கள் ஒரே மாதத்தில் தேசபக்தர்களாகிவிட்டார்கள். பிரதி சில நூறாகச் சரிந்தது. ஜெனீவாவுக்கு இடம் மாற்றிப் பார்த்தார், பலிக்கவில்லை. 1867-ல் மணி நின்றது. 2014-ல் உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டபோது மாஸ்கோவில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள், அச்சாக அதே காட்சி.

ஆர்வலன்:

ஐயா, கதை நன்றாக இருக்கிறது. ஆனால் காசு யார் கொடுத்தது என்றும் சொல்லுங்கள். இப்போது லாத்வியாவின் ரிகாவிலும் லித்துவேனியாவின் வில்னியஸிலும் உட்கார்ந்திருக்கும் ரஷ்யக் கூட்டம் முழுக்க மேற்குலகப் பணத்தில்தானே ஓடுகிறது? அப்புறம் எப்படி அது ரஷ்ய மக்களின் குரல்?

பழைய புத்தகக்காரன்:

கேள்வி நியாயம்தான், கேட்க வேண்டியதுதான். ஹெர்ஸன் பணக்கார வீட்டுப் பிள்ளை. முதலாம் நிக்கலாய் அவர் சொத்தை முடக்கியபோது பாரிஸின் ஜேம்ஸ் ரோத்ஷீல்ட் தலையிட்டு அந்தப் பணத்தை வாங்கிக் கொடுத்தார். ரஷ்ய அரசுக்கே கடன் ஏற்பாடு செய்யும் வங்கிக்காரர் கேட்டால் ஜாருக்கும் வேறு வழியில்லை. லெனின் 1917 ஏப்ரலில் சூரிச்சிலிருந்து கிளம்பியது கெய்சரின் ஜெர்மனி ஏற்பாடு செய்த ரயிலில். முனிச்சிலிருந்து ரஷ்ய மொழியில் ஒலிபரப்பிய சுதந்திர வானொலிக்கு (ரேடியோ லிபர்ட்டி) 1970-களின் தொடக்கம் வரை சிஐஏ ரகசியமாகப் பணம் கொடுத்தது, பிறகு அது வெளியே வந்தது. சுத்தமான காசில் நடந்த புகலிட அரசியல் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. அதனால் நான் கேட்பது வேறு: அதில் வந்த சேதி உண்மையா இல்லையா?

இன்னொன்று. 2022 மார்ச் வரை மெதூசா போன்ற செய்தித்தளங்களுக்கு ரஷ்யாவில் இருந்த சாதாரண வாசகர்களே மாதாமாதம் பணம் போட்டார்கள். போர் தொடங்கியதும் வங்கித் தடைகள் வந்து அந்தக் குழாய் அடைபட்டது. 2023 ஜனவரியில் ரஷ்ய அரசு மெதூசாவை 'விரும்பத்தகாத அமைப்பு' என்று அறிவித்தது. அதன் பிறகு காசு போட்டால் சிறை வரை போகலாம், இணைப்பைப் பகிர்ந்தாலே அபராதம். வாசகன் காசு கொடுக்க முடியாதபடி செய்துவிட்டு, பார், வெளிநாட்டுக் காசில் வாழ்கிறான் என்று சொல்வதும் அதே அரசுதான். 2025 ஜனவரியில் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டபோது வெளிநாட்டு நிதியை நம்பியிருந்த பல ரஷ்யச் செய்தித்தளங்கள் ஆட்டம் கண்டன.

கட்டுத்தறி:

லெனின் வெளியே இருந்து ஜெயித்தாரே, அதைச் சொல்ல மறந்துவிட்டீர்களே ஐயா. அப்போ நடக்கும் போலிருக்கிறது!

பழைய புத்தகக்காரன்:

தம்பி, வம்புக்கு இழுத்தாலும் நல்ல இடத்தில்தான் இழுத்திருக்கிறீர்கள்.

சூரிச்சில் ஷ்பீகல்காஸே 14-ம் எண் வீட்டில் ஒரு அறை. லெனினும் மனைவி குரூப்ஸ்காயாவும் செருப்புத் தைப்பவர் வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். முற்றத்துக்கு அந்தப் பக்கம் சாசேஜ் செய்யும் இடம் இருந்ததால் நாற்றம் தாங்காமல் பகலில் ஜன்னலைத் திறக்க முடியாது என்று குரூப்ஸ்காயா எழுதியிருக்கிறார். அங்கே இருந்துகொண்டு 1917 ஜனவரியில் இளைஞர் கூட்டம் ஒன்றில் லெனின் பேசினார். வரப்போகும் புரட்சியின் முடிவான போராட்டங்களை எங்கள் தலைமுறை உயிரோடு பார்க்காமல் போகலாம் என்பது அந்தப் பேச்சின் கடைசிப் பகுதி. ஆறேழு வாரத்தில் தலைநகர் பெத்ரோகிராத் (இன்றைய பீட்டர்ஸ்பர்க்) பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள், படை அவர்கள் பக்கம் சாய்ந்தது, ஜார் போய்விட்டார். லெனின் செய்தி அறிந்தது பத்திரிகை வழியாக. உள்ளே இருந்தவர்கள் கதவை உடைத்த பிறகுதான் வெளியே இருந்தவர் நுழைந்தார். எப்போது நுழைய வேண்டும் என்பதில் கெட்டிக்காரர், அதை மறுக்கவில்லை.

திபிலிசிச் செல்வி:

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் வாசித்துவிட்டு மட்டும் போவேன். நான் ஜார்ஜியாவில், திபிலிசியில் மருத்துவம் படிக்கிறேன். இங்கே நம்மூர் மாணவர்கள் நிறையப் பேர். 2022-ல் நான் இரண்டாம் ஆண்டு. அந்த வருடம் ரஷ்யர்கள் வந்து இறங்கியதை நேரில் பார்த்தேன், அதைச் சொல்கிறேன்.

மார்ச்சில் முதல் அலை. மடிக்கணினியோடு வந்தவர்கள், பூனையைக் கூண்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். செப்டம்பர் 21 அன்று புதின் படைத்திரட்டல் அறிவித்தார் அல்லவா, அதன் பிறகு இரண்டாம் அலை. வெர்க்னி லார்ஸ் என்ற மலைப்பாதைச் சோதனைச்சாவடியில் கார்கள் கிலோமீட்டர் கணக்கில் நின்றன. நடந்து வந்தால் விடமாட்டார்கள் என்பதால் சைக்கிளும் ஸ்கூட்டரும் கிடைத்த விலைக்கு வாங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

எங்கள் வாடகை என்ன ஆயிற்று தெரியுமா? நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து எடுத்திருந்த வீட்டுக்கு உரிமையாளர் அக்டோபரில் இரண்டு மடங்கு கேட்டார். காலி செய்துவிட்டு ஊர் எல்லைக்குப் போனோம். எங்களுக்கு அப்போது புதின் எதிர்ப்பாளரும் தெரியாது, ஆதரவாளரும் தெரியாது. வாடகையை ஏற்றிவிட்டவர்கள் என்றுதான் எரிச்சல்.

ஜார்ஜியர்களின் கோபம் வேறு மாதிரி. 2008 போருக்குப் பிறகு இவர்கள் நாட்டின் ஐந்தில் ஒரு பங்கு ரஷ்யப் படையின் பிடியில். சுவரெல்லாம் "ரஷ்யர்களே, வீட்டுக்குப் போங்கள்" என்று எழுதியிருக்கும். நீ புதினுக்கு எதிராகத்தான் வந்தாய் என்று அந்தச் சுவர் விசாரிக்காது.

நெய்தல்:

செல்வி, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அவர்களில் யாரையாவது பழக்கமா?

திபிலிசிச் செல்வி:

ஒரு அக்கா. பீட்டர்ஸ்பர்க்கில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், இங்கே ஒரு பேக்கரியில் வேலை பார்த்தார். எங்கள் தெருவில்தான். நான் அரைகுறை ரஷ்ய மொழியில் பேசினால் சிரித்துத் திருத்துவார். ஜார்ஜியர் யாராவது கடைக்குள் வந்தால் ரஷ்ய மொழியில் தொடங்கவே மாட்டார். ஜார்ஜிய மொழியில் ஒரு வணக்கம், பிறகு சைகை, அதற்கும் பிறகுதான் மெதுவாக, "ரஷ்ய மொழியில் பேசலாமா" என்று அனுமதி கேட்பார். எல்லா வாடிக்கையாளரிடமும், நாள் முழுக்க.

2024 வசந்தத்தில் ஜார்ஜிய நாடாளுமன்றம் வெளிநாட்டு நிதி வாங்கும் அமைப்புகளுக்கு எதிராக ஒரு சட்டம் கொண்டுவந்தது. மக்கள் அதை 'ரஷ்யச் சட்டம்' என்றே அழைத்துத் தெருவில் நின்றார்கள். மே மாதம் நிறைவேறியது. அந்த வாரம் அக்கா என்னிடம், "இந்தச் சட்டம் 2012-ல் எங்கள் ஊரில் பிறந்தது, என்னைத் தேடிக்கொண்டு இங்கேயும் வந்துவிட்டது" என்றார். கோடைக்குள் பெல்கிரேடுக்குப் போய்விட்டார்.

ஸ்ப்ரேக்கரையான்:

நான் பெர்லினில் இருக்கிறேன், மென்பொருள் வேலை. அந்த ஊர்வலத்துக்குப் போகவில்லை. ஆனால் 2024 மார்ச் 17, ரஷ்யத் தேர்தலின் கடைசி நாள், ரஷ்யத் தூதரகம் இருக்கும் உன்டர் டென் லிண்டன் தெரு வழியாகச் சைக்கிளில் போனேன். மதியம் பன்னிரண்டுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் வாக்குச்சாவடிக்கு வாருங்கள் என்று ஒரு அழைப்பு. நவால்னி சாவதற்கு முன் ஆதரித்த யோசனை. கோஷம் வேண்டாம், பதாகை வேண்டாம், வரிசையில் நின்றால் போதும், நீ தனியாள் இல்லை என்று உனக்கே தெரியும் என்பது கணக்கு. தூதரகத்திலிருந்து தொடங்கிய வரிசை தெரு மூலை திரும்பியும் முடியவில்லை. நவால்னயாவும் அந்த வரிசையில் மணிக்கணக்காக நின்று, வாக்குச்சீட்டில் கணவர் பெயரை எழுதிவிட்டு வந்தார்.

ஊர்வலத்தைவிட அந்த வரிசைதான் எனக்குப் புத்திசாலித்தனமாகப் பட்டது. ஏனென்றால் அதே நாள் மதியம் மாஸ்கோவிலும் நின்றார்கள், கசானிலும் நின்றார்கள். வெளியே இருப்பவன் செய்ததை உள்ளே இருப்பவனும் கைதாகாமல் செய்ய முடிந்தது. பெர்லின் தெருவில் பதாகை தூக்கச் சொல்வது சுலபம், மாஸ்கோவில் வெற்றுத் தாளைப் பிடித்தவனையே வண்டியில் ஏற்றினார்கள்.

கட்டுத்தறி:

நின்றார்கள், சரி. புதினுக்கு 87 சதவீதம் என்று அறிவித்தார்கள். முடிந்தது கதை.

ஸ்ப்ரேக்கரையான்:

கதை முடிந்ததா என்று வில்னியஸில் கேளுங்கள் அண்ணா. தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 12 இரவு, நவால்னியின் நெருங்கிய சகா லியோனித் வோல்கோவை அவர் வீட்டு வாசலிலேயே சுத்தியலால் அடித்தார்கள். கை உடைந்தது. யாருக்கும் கேட்காத குரல் என்றால் அவ்வளவு தூரம் ஆள் அனுப்பி யாராவது அடிப்பார்களா? இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அதே ஆண்டு செப்டம்பரில் நவால்னியின் அமைப்பு கைகாட்டியது கிரெம்ளினை அல்ல, வெளிநாட்டில் வாழும் இன்னொரு எதிர்ப்பாளரை. அவர் மறுத்தார். பல மாதம் அவர்களுக்குள் இதே பேச்சு.

பழைய புத்தகக்காரன்:

இந்த இடத்தில்தான் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருவரை ஒருவர் சந்தேகப்படும் நோய் இவர்களுக்குப் புதிதாக வந்ததல்ல, ஊட்டி வளர்க்கப்பட்டது.

1917 புரட்சிக்குப் பிறகு நடந்த உள்நாட்டுப் போரில் போல்ஷிவிக்குகளிடம் தோற்ற வெள்ளைப்படையினரும் அவர்கள் குடும்பங்களும் பத்து லட்சத்துக்கு மேல் வெளியேறி பாரிஸ், பெர்லின், பிராக், பெல்கிரேட், ஹார்பின் என்று சிதறினார்கள். மாஸ்கோ என்ன செய்தது? 'டிரஸ்ட்' என்ற பெயரில் ஒரு போலித் தலைமறைவு இயக்கத்தையே உருவாக்கியது. ரஷ்யாவுக்குள் முடியாட்சிக்காரர்கள் ரகசியமாகத் திரண்டிருக்கிறார்கள், கொஞ்சம் பொறுங்கள், அவசரப்பட்டு எதுவும் செய்யாதீர்கள் என்று பாரிஸுக்குச் சேதி போகும். சேதி எழுதியது ரகசியப் போலீஸ். வசீலி ஷுல்கின் என்று ஒருவர், ஜாரின் பதவி விலகல் பத்திரத்தை வாங்கப் போன இருவரில் ஒருவர். 1925 கடைசியில் அந்த இயக்கத்தின் உதவியோடு கள்ளத்தனமாக எல்லை தாண்டி கீவ், மாஸ்கோ, லெனின்கிராத் எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பினார். பயணநூலும் எழுதினார். உள்ளே இருக்கும் தோழர்களைக் காட்டிக்கொடுக்கும்படி எதுவும் இருந்துவிடக் கூடாதே என்று கையெழுத்துப் படியை அவர்களிடமே அனுப்பிச் சரிபார்த்தார். மனிதர் எவ்வளவு கவனம் பாருங்கள்! சரிபார்த்தது ரகசியப் போலீஸ் அலுவலகம். 1927-ல் உண்மை வெளியே வந்தபோது அவர் அரசியல் வாழ்வே முடிந்தது.

பத்து வருடம் கழித்து, 1937 செப்டம்பர் 22 அன்று பாரிஸில், வெள்ளைப்படையினர் சங்கத் தலைவர் ஜெனரல் மில்லர் ஒரு சந்திப்புக்குக் கிளம்பினார். போவதற்கு முன் ஒரு சீட்டு எழுதி வைத்தார்: ஜெனரல் ஸ்கோப்லின் ஏற்பாடு செய்த சந்திப்பு, ஒருவேளை பொறியாக இருந்தால் தெரிந்துகொள்ளுங்கள் என்று. பொறியேதான். கடத்தி மாஸ்கோவுக்குக் கொண்டுபோய் 1939-ல் சுட்டார்கள். ஸ்கோப்லின் மாஸ்கோவின் ஆள், தப்பிவிட்டார். அவர் மனைவி நதேஷ்தா பிளெவித்ஸ்காயா, ஜார் மன்னரையே அழவைத்த பாடகி என்று பேர் வாங்கியவர், பிரெஞ்சுச் சிறையில் இறந்தார்.

இவ்வளவும் பார்த்த சமூகத்தில் ஒருவன் பக்கத்தில் இருப்பவனை நம்ப முடியுமா? 2023-ல் மெதூசாவின் வெளியீட்டாளர் கலினா திம்சென்கோவின் ஐபோனில் பெகாசஸ் உளவு மென்பொருள் இருந்தது தெரியவந்தது. எந்த அரசு போட்டது என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை.

நெய்தல்:

ஐயா, மில்லரின் சீட்டு ராத்திரி தூங்க விடாது போலிருக்கிறது.

எனக்கு இன்னொரு சந்தேகம். இவர்கள் யாருக்காகப் பேசுகிறார்கள்? இடம் கொடுத்த நாட்டுக்கா, ஊரில் இருப்பவர்களுக்கா? 'தோஷ்த்' தொலைக்காட்சியை ரஷ்யா துரத்தியது சரி, லாத்வியாவும் ஏன் துரத்தியது?

ஸ்ப்ரேக்கரையான்:

2022 டிசம்பரில் உரிமத்தை ரத்து செய்தார்கள். ஏற்கெனவே கிரிமியாவை ரஷ்யாவோடு சேர்த்துக் காட்டிய வரைபடம், ரஷ்யப் படையை 'எங்கள் படை' என்றது எல்லாவற்றுக்கும் அபராதம் போட்டிருந்தார்கள். கடைசியாக ஒரு தொகுப்பாளர், போர்முனையில் இருக்கும் படைவீரர்களுக்குச் சாமான்களும் அடிப்படை வசதியும் கிடைக்க எங்கள் நிகழ்ச்சி உதவியிருக்கும் என்று நம்புகிறோம் என நேரலையில் சொல்லிவிட்டார். கட்டாயப்படுத்தி இழுத்துப் போனவர்களின் துயரம் பற்றிய நிகழ்ச்சி அது. மாஸ்கோவில் மகனை அனுப்பிய தாய்க்கு அந்த வாக்கியம் சரியாகத்தான் இருக்கும். ரிகாவிலோ கீவிலோ கேட்பவருக்கு, ஆக்கிரமிப்புப் படைக்கு உதவி செய்ததாக ஒப்புக்கொள்வது. தொகுப்பாளரை வேலையைவிட்டு எடுத்தார்கள், அப்படியும் உரிமம் போயிற்று. பிறகு நெதர்லாந்தில் உரிமம் வாங்கி நடத்துகிறார்கள்.

என் கருத்தைக் கேட்டால், லாத்வியர்களுக்குக் கோபப்பட எல்லா உரிமையும் உண்டு. ஆனால் அந்தத் தாயிடம் பேசத் தெரியாத தொலைக்காட்சியால் யாருக்கும் பயனில்லை. தொகுப்பாளர் தடுமாறியது அந்த இரண்டுக்கும் நடுவில்.

பழைய புத்தகக்காரன்:

ஹெர்ஸனுக்கு 1863-ல் வந்த சோதனையும் அதேதான். அவர் போலந்து பக்கம் நின்றார், வாசகரை இழந்தார். நான் அவர் செய்ததே சரி என்பேன். ஆனால் விலை கொடுத்தார்.

ஆர்வலன்:

அப்படியானால் கைதிப் பரிமாற்றத்தில் வந்தவர்கள் கதை என்ன? உள்ளேயே இருந்திருந்தால் மதிப்பு அதிகம் அல்லவா?

ஸ்ப்ரேக்கரையான்:

யாஷினே அதைத்தான் சொன்னார். 2024 ஆகஸ்ட் 1 அங்காராவில் நடந்த பரிமாற்றம். என்னை என் விருப்பமில்லாமல் நாடு கடத்தினார்கள், நான் சம்மதிக்கவில்லை என்று மறுநாளே பான் நகரில் செய்தியாளர்களிடம் சொன்னார். அவர்களுக்காக மறுபக்கம் விடப்பட்டவர்களில் இதே பெர்லினில் பட்டப்பகலில் ஒருவரைச் சுட்டுக்கொன்ற கிராசிகோவும் உண்டு. 25 வருடத் தண்டனையில் இருந்த காரா-முர்சா மன்னிப்பு மனுவில் கையெழுத்துப் போட மறுத்தவர். விமானத்தில் கூட வந்த பாதுகாப்பு அதிகாரி, ஜன்னல் வழியாக நன்றாகப் பார்த்துக்கொள், தாய்நாட்டை இனி பார்க்கமாட்டாய் என்றாராம். நான் வரலாறு படித்தவன், நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் திரும்பி வருவேன் என்றாராம் இவர்.

சிறையில் வைத்தால் தியாகி, வெளியே தள்ளினால் ஒரு வருடத்தில் மறந்துவிடுவார்கள் என்பது கிரெம்ளின் கணக்கு. நவால்னி அதைப் புரிந்துகொண்டுதான் 2021 ஜனவரி 17 அன்று இங்கிருந்தே விமானம் ஏறினார். மூன்று வருடத்தில் ஆர்க்டிக் பகுதியில் உள்ள கார்ப் சிறையில் இறந்தார். எது சரி என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, நான் பனியில் ஸ்கார்ஃப் மறந்தாலே வீடு திரும்புகிறவன்.

கட்டுத்தறி:

சரி, ஒப்புக்கொள்கிறேன், காபி குடிக்கப் போனார்கள் என்று எழுதியது அநியாயம். ஆனால் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. உள்ளே கேட்கிறதா, இல்லையா? 2024 கோடையில் அங்கே யூடியூபை மெதுவாக்கிவிட்டார்கள் என்கிறார்கள்.

திபிலிசிச் செல்வி:

அண்ணா, அந்த பேக்கரி அக்கா சொன்னது: ஊரில் இருக்கும் தோழிகள் இவர்கள் போடும் பதிவுக்கு விருப்பம் தெரிவிப்பதில்லை, பயம். ஆனால் போனில் பேசும்போது, பதிவில் இருந்த ஏதாவது ஒரு சொல் தோழி வாயில் சும்மா வந்து விழுமாம். படித்திருக்கிறாள் என்று அப்படித்தான் தெரிந்துகொள்வாராம்.

ஸ்ப்ரேக்கரையான்:

என் அலுவலகத்திலும் ஒருவர் இருக்கிறார், வோரனேஷ் பக்கம். படைத்திரட்டலின்போது வந்தவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவுக்கு அழைப்பார். 2025 ஆகஸ்டிலிருந்து அங்கே வாட்ஸ்அப், டெலிகிராம் அழைப்புகளையும் முடக்குகிறார்கள், குரல் விட்டு விட்டு வரும். அம்மாவுக்கு எழுபது வயது. ஏற்கெனவே தடையைத் தாண்டிப் பார்க்க மூன்று விபிஎன் செயலி போட்டுக் கொடுத்து மூன்றும் படுத்துவிட்டன. போன வாரம் நான்காவது. லேண்ட்லைனில் கூப்பிட்டு, "நீல வட்டம் தெரிகிறதா, அதை அழுத்து, இல்லை அம்மா, அது கேமரா" என்று சொல்லிச் சொல்லி இரண்டு மணி நேரம். லேண்ட்லைன் என்பதால் அது எதற்கு என்று இருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில், "அந்தப் பெண் தாடிக்காரனோடு பேசுகிற நிகழ்ச்சி வருகிறது" என்றாராம் அம்மா. திங்கட்கிழமை அலுவலகத்துக்குக் கேக் வாங்கிவந்தார்.

நெய்தல்:

எந்த விபிஎன் என்று பொதுவில் எழுதிவிடாதீர்கள் தம்பி.

ஸ்ப்ரேக்கரையான்:

எழுத மாட்டேன். இந்த வாரம் வரை ஓடுகிறது.